நூலகத்துக்கு ஒரு வலைப்பூ: கடலூர், புதுச்சேரி வட்டார நூலகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பண்ருட்டியிலிருந்தோ நெல்லிக்குப்பத்திலிருந்தோ கடலூர் நூலகத்துக்குப் பேருந்து ஏறும் ஒரு மாணவி, கிளம்பும் முன் தெரிந்துகொள்ள விரும்புபவை மிகச் சில. நூலகம் இன்று திறந்திருக்கிறதா, எத்தனை மணி வரை இருக்கும், தேடும் நூல் அங்கே உண்டா, இல்லையென்றால் யாரிடம் கேட்பது என்பவையே அவை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நூலகத்துக்கென்று ஒரு வலைப்பூ தொடங்குவோர் பெயர் வைப்பது முதல் வண்ணம் தேர்வது வரை ஒவ்வொரு முடிவையும் இந்த விதியைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் செல்கிறது.

தொடங்கும் முன்

யார் பெயரில் தொடங்குகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் வரும் மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் ஆகியவற்றின் பெயரில் எதையும் வெளியிடுவதற்கு முன் மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்து மூலமாக அனுமதி பெறுவது முறை. புதுச்சேரியில் அரசு நூலகங்கள் கலை, பண்பாட்டுத் துறையின் கீழ் வருவதால் அங்கே அத்துறையை அணுக வேண்டும். வாசகர் வட்டம் தன் முயற்சியாக நடத்துவதானால், இது வாசகர் வட்டத்தின் வலைப்பூ என்பதை முகப்பிலேயே எழுதிவிட வேண்டும். அரசு முத்திரையைப் பயன்படுத்தக் கூடாது. கல்லூரி நூலகத்துக்கும் பள்ளி நூலகத்துக்கும் நிர்வாகத்தின் ஒப்புதல் போதும்.

அடுத்த கேள்வி, எந்தத் தளத்தில் தொடங்குவது என்பது. வேர்ட்பிரஸ் மென்பொருளைச் சொந்த வழங்கியில் (சர்வரில்) நிறுவினால் வேண்டியபடியெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுதோறும் வழங்கிக்கும் முகவரிக்கும் பணம் கட்ட வேண்டும், மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கணினித் துறை உள்ள கல்லூரிகளுக்கு அது ஏற்றது. ஒரே நூலகரும் ஓர் உதவியாளரும் இருக்கும் நூலகத்துக்குப் பிளாகர் போதும் என்பதே என் உறுதியான கருத்து. 1999இல் தொடங்கி 2003இல் கூகுள் வாங்கிய இத்தளத்துக்குக் கட்டணம் இல்லை, புதுப்பிக்க மறந்து முகவரி கைவிட்டுப் போகும் ஆபத்தும் இல்லை, அதன் நிர்வாகப் பக்கங்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். எனவே இனி வரும் படிகளைப் பிளாகரை வைத்தே விளக்குகிறேன்.

கணக்கு

வலைப்பூவை நூலகரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கக் கூடாது. நூலகர் இடமாற்றலாகிச் சென்றாலும் ஓய்வு பெற்றாலும் வலைப்பூவும் அவரோடு போய்விடும். வாசகர்கள் பழைய அறிவிப்புகளைப் பார்த்து ஏமாறுவார்கள். ஆகவே நூலகத்தின் பெயரில் தனியாக ஒரு கூகுள் கணக்கு தொடங்கி, மீட்புக்கான கைபேசி எண்ணாக நூலகத்தில் நிலையாக இருக்கும் எண்ணைக் கொடுத்து, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பை இயக்கி, அதற்கான மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு, சேர்க்கைப் பதிவேடு இருக்கும் அதே அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும்.

எழுதுபவர்களுக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை. அமைப்புகளில் உள்ள அனுமதிகள் பகுதிக்குச் சென்று ஒவ்வொருவரையும் அவரவர் மின்னஞ்சல் வழியாக எழுத்தாளராகச் சேர்க்கலாம். எழுத்தாளராகச் சேர்ந்தவர் தம் இடுகைகளை மட்டுமே திருத்த முடியும். நிர்வாகியாக உள்ளவர் அனைத்தையும் மாற்ற முடியும். நூலகக் கணக்குடன் பொறுப்பான இன்னொருவரையும் நிர்வாகியாக்கி, மற்ற அனைவரையும் எழுத்தாளர் நிலையிலேயே வைத்திருப்பது நல்லது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் நடைமுறை கூகுளில் இருப்பதால், நூலகக் கணக்கில் மாதம் ஒரு முறையாவது உள்நுழைய வேண்டும்.

பெயரும் முகவரியும்

தலைப்பைத் தமிழில் முழுமையாக வைக்கலாம். முகவரியில் ஆங்கில எழுத்துகள், எண்கள், இணைப்புக்கோடு ஆகியவை மட்டுமே இடம்பெற முடியும். ஊர்ப் பெயரும் நூலகம் என்னும் சொல்லும் சேர்ந்த சுருக்கமான முகவரியே சிறந்தது. திருப்பாதிரிப்புலியூர் போன்ற நீளமான பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். தொலைபேசியில் ஒரு முறை சொன்னாலே எதிரில் இருப்பவர் பிழையின்றித் தட்டச்சு செய்ய முடிகிறதா என்று நான்கைந்து பேரிடம் சோதித்த பிறகு முடிவு செய்யுங்கள். முகவரியைப் பின்னர் மாற்ற முடியும் என்றாலும், பழைய முகவரியை அச்சிட்ட அட்டைகளும் பிறர் கொடுத்த இணைப்புகளும் பயனற்றுப் போகும்.

அமைப்புகள்

அமைப்புகள் பக்கம் நீளமானது. அதில் தொட வேண்டியவை சிலவே. மொழியைத் தமிழாக மாற்றினால் தேதிகளும் மாதப் பெயர்களும் தமிழில் வரும். விளக்கம் என்ற இடத்தில் நூலகத்தின் ஊர், தெரு, அருகில் உள்ள பேருந்து நிறுத்தம் ஆகியவற்றை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். கூகுளில் தேடுபவர்களுக்கு முடிவின் கீழ் அந்த வரி தெரிய வேண்டுமானால், தேடல் விளக்கத்தையும் இயக்கி அங்கும் அதையே எழுத வேண்டும். பாதுகாப்பான இணைப்புக்குத் திருப்பிவிடும் வசதி இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

நேர மண்டலத்தைப் பலரும் கவனிப்பதில்லை. புதிய வலைப்பூ சில வேளைகளில் அமெரிக்காவின் பசிபிக் கரை நேரத்தில் அமைந்திருக்கும். அதற்கும் நம் நேரத்துக்கும் பன்னிரண்டரை மணி அல்லது பதின்மூன்றரை மணி நேர வேறுபாடு உண்டு. காலை ஏழு மணிக்கு வெளிவர வேண்டும் என்று திட்டமிட்ட விடுமுறை அறிவிப்பு, வாசகர் நூலக வாசல் வரை வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பிய பிறகு இரவில் வெளிவரும். இந்திய நேரத்தைத் தேர்வு செய்துவிட்டு, ஒரு சோதனை இடுகையைத் திட்டமிட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கருத்துகளைப் பொறுத்தவரை, நிர்வாகி படித்து அனுமதித்த பின்னரே வெளியாகும்படி வைப்பது பொது நிறுவனத்துக்குப் பொருத்தம்.

எழுத்து

தமிழ் நூலக வலைப்பூவில் மிகுந்த உழைப்பைக் கேட்கும் பகுதி இது. பெரும்பாலான நூலகங்களில் பழைய நூற்பட்டியல்கள் ஏற்கெனவே கணினியில் இருக்கும். ஆனால் அவை பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்தவையாக இருக்கும். அவற்றை அப்படியே ஒட்டினால் வாசகரின் கைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றுக்கொண்டது; கைபேசிகளும் தேடுபொறிகளும் அதையே படிக்கின்றன. எனவே பழைய பட்டியல்களை எழுத்துரு மாற்றிகளின் மூலம் ஒருங்குறிக்கு மாற்றி, ஒவ்வொரு வரியையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். புதிதாகத் தட்டச்சு செய்பவர்கள் தமிழ் 99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டால் வேகமும் கிடைக்கும், பிழையும் குறையும்.

சரிபார்க்கும்போது கண்ணுக்குத் தப்பும் பிழைகள் சில உண்டு. ‘கௌதமன்’ என்னும் பெயரில் முதல் எழுத்தின் பின்பகுதி பார்ப்பதற்கு ளகரம் போலவே இருப்பதால், சிலர் ஒற்றைக்கொம்பும் ககரமும் ளகரமும் சேர்த்து அதை எழுதிவிடுவார்கள். திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் கணினிக்கு அது வேறு சொல். வாசகர் சரியாகத் தட்டச்சு செய்து தேடினால் அந்த நூல் கிடைக்காது. துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் வருவதும், ‘ஔவை’ என்பதில் ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் வருவதும் இதே வகைதான். பட்டியலை வெளியிட்ட பின், ஔகாரம் வரும் ஆசிரியர் பெயர்களில் நான்கைந்தைப் புதிதாகத் தட்டச்சு செய்து பக்கத்தில் தேடிப் பாருங்கள். கிடைக்காத பெயர்கள் எங்கே கோளாறு என்பதைக் காட்டிவிடும்.

தோற்றம்

தீம் பகுதியில் கான்டெம்போ, சோஹோ, எம்போரியோ, நோட்டபிள், எசென்ஷியல் முதலிய ஆயத்த வடிவங்கள் கிடைக்கும். எம்போரியோவும் சோஹோவும் படங்களை முன்னிறுத்துபவை. எழுத்தே முதன்மையாக உள்ள நூலகத்துக்கு நோட்டபிள் அல்லது எசென்ஷியல் பொருந்தும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிறரது தீம்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் சிலவற்றில் விளம்பர இணைப்புகள் மறைந்திருக்கும்.

எதை மாற்றும் முன்பும் தீம் பட்டியலில் உள்ள காப்பு வசதியால் ஒரு நகலைப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு தனிப்பயனாக்கு என்பதில் எழுத்துரு, அளவு, நிறம் ஆகியவற்றை மாற்றலாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகிய எழுத்துருக்கள் கூகுளில் இலவசமாகக் கிடைக்கின்றன. உடல் எழுத்துக்கு முதல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அலங்கார எழுத்துருக்களைத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழில் மேலும் கீழும் குறிகள் நீள்வதால், ஆங்கிலத்துக்கென்று அமைத்த நெருக்கமான வரி இடைவெளியில் கீழ்வரியின் ஈகாரச் சுழியும் மேல்வரியின் ஊகாரக் காலும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப் போல் 1.7 மடங்கு வரி இடைவெளி வைத்தால் கண் களைப்படையாது. இருபுறமும் சமன்செய்யும் முறையையும் விட்டுவிடுங்கள். தமிழில் சொற்கள் நீளமானவை என்பதால், கைபேசியின் குறுகிய திரையில் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும்.

பின்னணி வெண்மையாகவும் எழுத்து கருமையாகவும் இருக்கட்டும். நூலகத்துக்கு நாளிதழ் படிக்க வரும் மூத்தவர்களும் இதைத் திறப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, கண்ணாடி இல்லாமல் நேரத்தைப் படிக்க முடிகிறதா என்று கேட்பதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை.

முகப்பும் நிலையான பக்கங்களும்

தளவமைப்பு என்னும் பகுதியில் முகப்பின் ஒவ்வொரு கட்டமும் தெரியும். தலைப்புக்கு உடனே கீழே ஒரு உரைக் கட்டத்தைச் சேர்த்து, வேலை நேரம், வார விடுமுறை, தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் அதில் எழுதுங்கள். வருகை எண்ணி, கடிகாரம், ஓடும் எழுத்து முதலியவற்றை வைக்க வேண்டாம். இணைய வேகம் குறைந்த ஊர்ப்புறத்தில் அவை பக்கத்தைத் தாமதப்படுத்துவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. தேடல் பெட்டியும் குறிச்சொல் பட்டியலும் பக்கவாட்டில் இருந்தால் போதும்.

அடிக்கடி மாறாத செய்திகளுக்கு இடுகை பொருந்தாது. அவை பக்கங்களாக இருக்க வேண்டும். உறுப்பினர் சேர்க்கை, நூலக விதிகள், வழித்தடம் ஆகிய மூன்று பக்கங்கள் முதல் வாரத்துக்குப் போதுமானவை. உறுப்பினர் பக்கத்தில் காப்புத்தொகை எவ்வளவு, எந்தச் சான்று வேண்டும், யார் கையொப்பமிட வேண்டும், எத்தனை நூல்களை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று நேரில் கேட்கப்படும் கேள்விகளின் வரிசையிலேயே எழுதுங்கள்.

குறிச்சொற்கள்

இடுகைகளுக்கு இடும் குறிச்சொற்களே வலைப்பூவின் பகுப்பு முறை. அட்டைப் பட்டியல் தயாரித்த தலைமுறை நூலகர்கள் பொருள் தலைப்புகளில் காட்டிய ஒழுங்கு இங்கே அப்படியே தேவைப்படுகிறது. ஒருவர் ‘சிறுவர்’ என்றும் இன்னொருவர் ‘சிறார்’ என்றும் மூன்றாமவர் ‘குழந்தை இலக்கியம்’ என்றும் இட்டால் ஒரே வகை நூல்கள் மூன்று இடங்களில் சிதறிவிடும். புதுச்சேரியில் இந்தச் சிக்கல் ஊர்ப் பெயரிலேயே தொடங்குகிறது: புதுவை, புதுச்சேரி, பாண்டிச்சேரி என்று மூன்றும் வழக்கில் உண்டு. எது ஏற்கப்பட்டது, எதெல்லாம் அதற்குள் அடங்கும் என்று ஒரு பட்டியலை முன்கூட்டியே எழுதி, எழுதுபவர்கள் அனைவருக்கும் கொடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் பதினைந்து சொற்களுக்கு மேல் வேண்டாம்.

அந்தப் பதினைந்தில் ஒன்று கட்டாயம் வட்டார வரலாறாக இருக்க வேண்டும். புனித டேவிட் கோட்டையும் வடலூரும் சிதம்பரமும் நெய்வேலியும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை தொடங்கி, அங்கே 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதி, 1891இல் அங்கேயே பிறந்த பாரதிதாசன் எனத் தொடரும் மரபு இருக்கிறது. 1827இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகமும், 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற சைவ ஓலைச்சுவடிகளும் அங்கேயே உள்ளன. இவை பற்றி உங்கள் நூலகத்தில் உள்ள நூல்கள் எவை, எந்த அலமாரியில் இருக்கின்றன என்று ஒரே இடுகையில் தொகுத்துக் கொடுத்தால், ஆய்வு மாணவர்கள் அதைத் தேடி வருவார்கள். வேறு எந்தத் தளமும் தர முடியாத தகவல் அது.

இடுகை எழுதுதல்

புதிதாக வந்த நூல்களைப் பற்றிய இடுகைதான் பெரும்பாலும் எழுதப்போவது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், பகுப்பு எண் ஆகியவற்றை ஒரே வரிசையில் கொடுத்து, அதன் கீழ் இந்த நூல் யாருக்குப் பயன்படும் என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். பின்னட்டைப் புகழுரையை எடுத்து எழுதுவதில் பயனில்லை; நூலைப் புரட்டிப் பார்த்தவர் எழுதும் இரண்டு எளிய வாக்கியங்களுக்கே வாசகர் மதிப்பளிப்பார். தலைப்பை ‘புதிய வரவுகள்’ என்று மட்டும் வைத்தால் ஓராண்டில் ஒரே பெயரில் பல இடுகைகள் சேர்ந்துவிடும். மாதத்தையும் பொருளையும் சேர்த்து ‘புதிய வேளாண்மை நூல்கள், 2025 ஜூலை’ என்பது போல் எழுதுங்கள்.

வெளியிடும் முன் பக்கவாட்டில் உள்ள நிலையான இணைப்பு என்னும் இடத்தைத் திறக்க வேண்டும். தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் பிளாகர் அதிலிருந்து முகவரி உருவாக்க இயலாமல், பொதுவான ஒரு சொல்லையும் எண்ணையும் இட்டுவிடும். பின்னர் எந்த முகவரி எந்த இடுகை என்றே தெரியாது. தனிப்பயன் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்களில் பொருளை எழுதுங்கள். வெளியான பிறகு இதை மாற்ற வேண்டுமானால் இடுகையை வரைவு நிலைக்குத் திருப்ப வேண்டியிருக்கும்.

அட்டைப்படத்தைக் கைபேசியில் எடுத்தால் அளவைக் குறைத்த பின் ஏற்றுங்கள். படத்துக்குரிய மாற்று உரையில் நூலின் பெயரை எழுதினால், திரைபடிப்பானின் உதவியோடு படிக்கும் பார்வைக் குறைபாடு உடைய வாசகருக்கும் அது கேட்கும்.

நூற்பட்டியலை இணைத்தல்

நூலகத்தில் கோஹா அல்லது இ-கிரந்தாலயா என்னும் நூலக மேலாண்மை மென்பொருள் இயங்கினால், இணையவழிப் பட்டியலின் முகவரியை முகப்பில் பெரிய எழுத்தில் கொடுத்தாலே போதும். மென்பொருள் இல்லாத ஊர்ப்புற நூலகங்கள் கூகுள் விரிதாளில் சேர்க்கை எண், நூற்பெயர், ஆசிரியர், பொருள், அலமாரி என ஐந்து நெடுவரிசைகள் அமைத்து, அதைப் பார்வைக்கு மட்டும் திறந்துவிடலாம். எல்லா நூல்களையும் ஏற்றி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. போட்டித் தேர்வு நூல்களிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் அவற்றைத் தேடித்தான் அதிகம் பேர் வருகிறார்கள். நூல் பரிந்துரைக்க ஒரு கூகுள் படிவத்தையும் சேர்க்கலாம். பரிந்துரைத்தவருக்கு மறுமொழி சொல்ல ஒருவரை நியமித்த பின்னரே அதைத் திறக்க வேண்டும்.

உரிமையும் தனியுரிமையும்

நூலின் பக்கங்களை வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளிலும், அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கும் உரிமை நீடிக்கும். அதற்குள் வரும் நூல்களின் அட்டையும் உங்கள் சொந்த அறிமுகமும் மட்டும் போதும். நாட்டுடைமையான நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகமும், பழந்தமிழ் நூல்களை 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் ஏற்கெனவே இணையத்தில் வைத்திருக்கின்றன. அவற்றுக்கு இணைப்புக் கொடுத்தால் மறுபடி வருடும் உழைப்பு மிச்சம்.

நூலைத் திருப்பித் தராதவர் பெயர்களை வெளியிடவே கூடாது. யார் எந்த நூலை எடுத்தார் என்பது நூலகத்துக்கும் வாசகருக்கும் இடையிலான நம்பிக்கை. கோடை முகாமில் எடுத்த சிறுவர் படங்களை ஏற்றுவதற்கு முன் பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர் தரவுக்குப் பெற்றோரின் இசைவைக் கேட்கிறது.

மழைக்கால அறிவிப்பு

இந்தக் கரைக்கு வலைப்பூவின் முதன்மையான பயன்களில் ஒன்று அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015இல் கடலூர் வெள்ளத்தில் மிதந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. இப்படிப்பட்ட நாட்களில் ‘நாளை நூலகம் இயங்காது’ என்று எழுதினால், அதை மறுநாள் வாட்ஸ்அப்பில் பார்ப்பவர் எந்த நாளை என்று குழம்புவார். இப்படி எழுதலாம்: ‘2025 டிசம்பர் 3, புதன்கிழமை: கனமழை காரணமாக நூலகம் நாள் முழுவதும் மூடியிருக்கும். அன்று திருப்பித் தர வேண்டிய நூல்களுக்குத் தாமதக் கட்டணம் இல்லை. அடுத்த அறிவிப்பு அன்று மாலை 6 மணிக்கு இங்கே வெளியாகும்.’ இந்த வாசகத்தை வரைவாக எழுதி வைத்து, தேதியையும் கிழமையையும் மட்டும் மாற்றி வெளியிடும்படி தயாராக இருக்க வேண்டும். முகப்பின் உரைக் கட்டத்திலும் அதே வரியை இட்டு, மழை நின்றவுடன் நீக்கிவிட வேண்டும்.

வழக்கமான விடுமுறைகளிலும் இரு பகுதிகளுக்கும் வேறுபாடு உண்டு. நவம்பர் 1 விடுதலை நாளும் ஆகஸ்ட் 16 சட்டப்படியான இணைப்பு நாளும் புதுச்சேரிக்கு விடுமுறை; கடலூருக்கு இல்லை. பாகூரிலிருந்து கடலூருக்கும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கும் வாசகர்கள் போய்வருவதால், இரு பக்கத்து நூலகங்களும் இதைச் சில நாட்கள் முன்பே திட்டமிட்டு வெளியிடலாம்.

பரப்புதலும் காத்தலும்

பிளாகரில் இருந்த மின்னஞ்சல் சந்தா வசதி 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே புதிய இடுகையின் இணைப்பை வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதே நடைமுறையில் எளிது. முகவரியைக் கியூஆர் குறியாக அச்சிட்டு, நூல் வழங்கும் மேசையிலும் நாளிதழ்ப் பகுதியிலும் ஒட்டுங்கள். நூலகம் பூட்டியிருக்கும்போதும் தெரியும்படி வெளிக்கதவில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அமைப்புகளில் உள்ள காப்பு வசதியால் உள்ளடக்கத்தைப் பதிவிறக்கி, நூலகக் கணினியிலும் வேறோர் இடத்திலும் வையுங்கள். தரைத்தளத்தில் உள்ள கணினி வெள்ளத்தில் முழுகினாலும் இன்னொரு நகல் இருக்கும். அந்தக் கோப்பில் எழுத்து மட்டுமே இருக்கும், படங்கள் இருக்காது. எனவே ஏற்றிய படங்களின் மூலங்களை ஆண்டு, மாத வாரியாகத் தனிக் கோப்புறையில் சேர்த்து வர வேண்டும்.

நூலகர் மாறும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் நூல்கள், தளவாடங்கள், சாவிகள் ஆகியவற்றோடு வலைப்பூவையும் ஓர் உருப்படியாகச் சேர்த்து, முகவரி, கணக்கின் பெயர், மீட்பு எண், நிர்வாகிகளின் பட்டியல், குறிச்சொல் பட்டியல், கடைசிக் காப்பு எடுத்த தேதி ஆகியவற்றை அதில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். புதிதாக வருபவர் அன்றே கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு எண்ணைச் சரிபார்த்து, பழைய நூலகரை நிர்வாகி நிலையிலிருந்து எழுத்தாளர் நிலைக்கு மாற்றலாம். அவர் எழுதிய இடுகைகள் அவர் பெயரிலேயே தொடரும்.